முத்துராணி தொட்டுப் பார்த்த சாக்கு

பாளையங்கோட்டைக்காரர்களுக்குத் தங்கள் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்பதே பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் தெரியவரும். எரியாத எமர்ஜென்சி விளக்கு, மூடி தொலைந்த மிக்ஸி, செத்துப்போன செல்போன்கள், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குள் கருகிக் கிடந்த சீரியல் பல்பு எல்லாம் படியிறங்கி வரும். இதை விற்றால் என்ன தேறும் என்று ஒரு வருஷம் யோசித்து, ஒன்றும் தேறாது என்று உறுதியான பிறகுதான் நம் ஆட்கள் குப்பை வண்டிக்கு மனசு இறங்கிக் கொடுப்பார்கள். அந்த வண்டிகள் வந்து சேரும் வார்டுக் கொட்டகையில், மின்கழிவு மூலை முத்துராணியின் பொறுப்பு.

முத்துராணி மாஞ்சோலையில் பிறந்து, அங்கேயே தேயிலை பறித்து, எஸ்டேட்டை மூடியதும் அங்கிருந்த சனங்களோடு மலையிறங்கி வந்தவள். ஐம்பது வயதுக்கு மேல் புது ஊர், புது வேலை. திருநெல்வேலி வெயில் அவளை முதல் மாசமே படுக்கையில் போட்டது. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் தன் தெருவிலேயே ஒரு வீடு பிடித்துக் கொடுத்தவளும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளும், இந்த வேலைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவளும் பாலம்மாள்தான்.

பாலம்மாள் பேட்டரி வண்டி ஓட்டி வீடு வீடாகக் குப்பை எடுப்பவள். புருஷன் விட்டுப்போய்விட்டான். நாலு வயது மகள் பிருந்தாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் வண்டியில் முன்சீட்டிலேயே வைத்துக்கொண்டு சுற்றுவாள். மேற்பார்வையாளர் சிவசங்கரன் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் பேட்டரி விஷயத்தில் மட்டும் ஆள் மாறிவிடுவார்.

“பேட்டரி உள்ள சாமானத் தனி வாளியில போடணும்னு எத்தன தடவ சொல்லுதது? இன்னொரு தடவ கலந்து வந்துச்சுன்னா உன்ன வாறுகால் அள்ளுத வேலைக்கு மாத்திருவேன், பாத்துக்கோ” என்று போன வாரம்தான் பாலம்மாளை எச்சரித்திருந்தார். சாக்கடைக்குள் இறங்கி வாறுகால் அள்ளப் போனால் பிள்ளையை எங்கே விடுவது? அன்று முத்துராணியின் மடியில் விழுந்து அழுது தீர்த்தாள் பாலம்மாள்.

அப்படி அழுதவள்தான், அடுத்த வாரமே ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்து மூலையில் போட்டாள்.

“யக்கா, எல்லாம் கலந்துதான் கெடக்கு. வெள்ளையடிக்கன்னு ஒரு தெருவே சேந்து தூக்கிப் போடுது, நான் என்ன செய்ய? சார் இங்கன வாரதுக்குள்ள பேட்டரிய மட்டும் பொறுக்கி வாளியில போட்டுருங்கக்கா.”

சிவசங்கரன் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பிருந்தா குழாயடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். முத்துராணி கையுறையைக் கழற்றிச் சாக்கின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். அது மலையில் படிந்த பழக்கம். பறித்த இலையைச் சாக்கில் அமுக்கி அடைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துபோகும். கங்காணி சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் எல்லார் முன்னாலும் தரையில் கொட்டிவிடுவார். முத்துராணிக்கும் அது நடந்திருக்கிறது. தப்பு என்னவோ அவளுடையதுதான். ஆனாலும் குனிந்து இலையை அள்ளியபோது பட்ட அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மார்கழிக் காலையில், நிழலில் கிடந்த சாக்கு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது.

பக்கத்தில் கூரை வரைக்கும் அட்டைக் கட்டுகள். இங்கே நெருப்புப் பிடித்தால் கொட்டகையே போய்விடும். வெளியே இழுத்துக் கொட்டினாலோ சிவசங்கரன் கண்ணில் படும். பாலம்மாள் பிழைப்பு போய்விடும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமா என்று முத்துராணியின் மனசும் தடுமாறத்தான் செய்தது. கையை மாற்றி வைத்துப் பார்த்தாள். சூடு ஏறிக்கொண்டிருந்தது. சாக்கின் இரண்டு காதையும் பிடித்துத் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்துப்போய், தலைகீழாகக் கொட்டினாள்.

“என்னக்கா பண்ணுதிய! அவரு பாத்துட்டு நிக்காருல்லா! என் சோத்துல மண்ணள்ளிப் போடுதியளே!” என்று பாலம்மாள் ஓடிவந்தாள்.

முத்துராணி நீளக் கம்பியால் குவியலைக் கலைத்தாள். உடைந்த மிக்ஸியின் அடியில் நசுங்கிப்போய், பூரி மாதிரி உப்பிக் கிடந்தது ஒரு பவர் பேங்க்.

“எட்டி நில்லுளா!”

அவள் கத்தி முடிப்பதற்குள் அது சீறியது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி, முழ உயரத்துக்கு நெருப்பு எழுந்தது. முத்துராணி மணல் வாளியை அப்படியே கவிழ்த்தாள். இன்னொரு வாளியையும் கொண்டுவந்து கவிழ்த்தாள்.

சிவசங்கரன் மூச்சு வாங்க ஓடிவந்தார். “யாரு கொண்டாந்த லோடு இது?”

முத்துராணி காது கேட்காதவள்போல் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போனது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பாலம்மாள் முந்திக்கொண்டாள்.

“நான் கொண்டாந்ததுதான் சார்.” அவள் புகைகிற மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முன்சீட்டுல ஒரு பழைய டி.வி. இருந்துச்சு. பிள்ளைக்கு எடமில்ல. அந்தச் சாக்கு மேலதான் சார் உக்கார வச்சு ஓட்டிட்டு வந்தேன்.”

திட்டுவதற்கு வாயெடுத்த சிவசங்கரன் குழாயடியைத் திரும்பிப் பார்த்தார். “வீட்டுக்குப் போம்மா. நாளைக்கு வரும்போது வண்டியில தனி வாளி இருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

சத்தம் கேட்டு அங்கிருந்து ஓடிவந்த பிருந்தா, அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“நாந்தான் சுடுது சுடுதுன்னு சொன்னேம்லாம்மா? நீதான சும்மா இருன்ன!”

பாலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முத்துராணி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பிள்ளையின் பாவாடையைத் தூக்கித் தொடையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள்.