மூணாவது பானை

அதான் சொல்லுதேன் பேச்சி, அவரு ஒண்ணும் என்னைய மயக்கிக் கட்டிக்கிடல. தெருவுல அப்படித்தான் பேசுதாளுக. மயக்குனது யாருன்னு என்கிட்டல்லா கேக்கணும்.

நான் பொறந்தது கரிசக்காடு, விளாத்திகுளம் பக்கம். மொதப் புருசன் கொழும்புக்குக் கப்பலேறினவன், பட்டுச்சேலையோட வாரேன்னு சொல்லிட்டுப் போனான். அங்கனயே ஒருத்தியோட குடும்பம் நடத்துதான்னு சேதிதான் வந்துச்சு. பெரியவங்க முன்னால தாலியக் கழத்திக் குடுத்துட்டேன். மறுபடி கட்டிக்கிட எங்க ஆளுகள்ல தடையில்ல. நான்தான் இனி எவன் வாக்கையும் நம்பக்கூடாதுன்னு இருந்தேன். குத்தாலத்துல சாரல் காலத்துக்கு இட்லிக்கடை போடுத சித்தி, மாவாட்ட என்னையக் கூட்டியாந்தா.

மொத நாளு தண்ணிக்கு மண்பானையோட அருவிக்குப் போனேன். எங்க ஊர்க் கெணத்துல முறை வந்தாத்தான் தண்ணி. அதே நெனப்புல ஓரமா நின்னேன். வெயில் ஏறிட்டு, ஒருத்தரும் கூப்பிடல. குளிக்க வந்தவங்களுக்கு எண்ணெ தேச்சிக்கிட்டிருந்த ஆளுகிட்ட, "அண்ணாச்சி, இப்ப யாரு முறை?"ன்னேன்.

அவரு அருவியப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "ஒம் முறைதான். போய்ப் புடி."

நேரா அருவிக்கடியில புடிச்சேன். பானை சுக்குநூறு, கையில கழுத்து மட்டும் நிக்கி. அவரு சிரிச்ச சிரிப்புல ஒரு மொட்டத்தலையில எண்ணெக் கிண்ணமே கவுந்துட்டு.

மறுநாளு புதுப்பானை கொண்டாந்தாரு. பானையச் சாய்ச்சுப் புடிச்சுப் பாத்தேன், அதுவும் போச்சு. அடுத்த நாளும் பானை வந்துச்சு. அதுக்குள்ள பொம்பளைக எல்லாம் கீழ வாய்க்கால்ல மோந்துக்கிட்டுப் போறதப் பாத்துட்டேன். இருந்தும் மூணாவது பானையையும் அருவிக்கு நேராத்தான் நீட்டினேன். அண்ணாச்சின்னு கூப்பிட அன்னைக்கு வாய் வரல.

"வாய்க்கால் இருக்குன்னு மொத நாளே சொன்னா என்ன?"ன்னு கேட்டேன்.

"சொன்னா நீ அங்கன போயிருவ. நான் யாருக்குப் பானை வாங்க?"

வாக்குன்னு ஒண்ணுங் குடுக்கல பாத்துக்கோ. சொல்லாமலே பானைதான் வந்துச்சு. நாலாவது பானைக் கழுத்துல மஞ்சக்கயிறு சுத்தியிருந்துச்சு. அத மட்டும் நான் ஒடைக்கல.

பேரன் பேத்தி எடுத்தாச்சு. கரிசக்காட்டுக்குப் போனா, ஒரு சொம்புத் தண்ணிய மேலுக்கு ஊத்திட்டு அருவிக்கு ஏங்குதேன். இங்கன அருவி எரைச்சல் அடுப்படி வரை கேக்கு. ஆனாலும் தூத்தல் போட்டா கூரை எறவாணத்துக்கடியில பானை வைக்காம இருக்க முடியல. என்னையக் கிறுக்கிங்காரு அவரு.

இரு பேச்சி, பானை நெறஞ்சி வழியுத சத்தம். அந்த மனுசன் கவுத்திப் போடுததுக்குள்ள எடுத்து மூடி வச்சிட்டு வாரேன்.