ஜெலோஷின் வலது கால்

சைக்கிள் டியூபில் வெட்டியெடுத்த ரப்பர் துண்டை வலது ஷூவின் அடியில் வைத்து, கட்டைவிரல் வெளுத்துப்போகும்வரை அழுத்திப் பிடித்திருந்தார் ஜெலோஷ். பசை காயும்வரை காபியைத் தொடமாட்டார். இடது ஷூ பக்கத்தில் புதுக்கருக்கு அழியாமல் கிடந்தது. அவர் வாங்கும் எந்த ஜோடிக்கும் இதே கதிதான். வலது அடி தேய்ந்து மூன்று ஒட்டுப் போட்ட பிறகும் இடது கடையிலிருந்து வந்த நாள் போலவே இருக்கும்.

ஷ்கோதர் நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை நாள் முழுக்க மிதித்து மிதித்து வலது கெண்டைக்கால் இடதைவிடப் பருத்துவிட்டது. மனைவி டிலா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பவள். காலைப் பார்த்தே ஆளை எடைபோடுவாள். "வீக்கம் இல்ல, நீர் இல்ல. பயம்தான். தசையா மாறியிருக்கு" என்பது அவள் கண்டுபிடிப்பு.

காருக்கு வெளியிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேஜையில் யாராவது வட்டிக்குக் கடன் வாங்கப்போவதாகச் சொன்னால் மேஜைக்கடியில் தரை தொப்பென்று அதிரும். கல்யாண வீட்டில் மைத்துனன் மூன்றாவது கோப்பை ராக்கிச் சாராயத்தில் கைவைத்தபோது அதிர்ந்தது. கோயிலில் பாதிரியார் பிரசங்கத்தின் நடுவே புதுக்கூரைக்கு நன்கொடை பற்றிப் பேச்செடுத்ததும், அந்தச் சத்தம் முன் பெஞ்சுவரை கேட்டது.

அவரிடம் கற்றவர்கள் யாரும் விபத்தில் சிக்கியதில்லை. பலர் இன்னும் பரீட்சைக்கே போகவில்லை என்பதும் ஒரு காரணம். மடத்துக் கன்னிகாஸ்திரி செலஸ்தீனா ஒரு வருடத்துக்கு மேலாகக் கற்கிறார். இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் சிஸ்டர். அவசரப்பட்டு சொர்க்கத்துக்கா போகணும்?"

"அதுக்குத்தானே மகனே மடத்துல சேர்ந்தேன்!"

இப்படிப்பட்ட மனிதரின் மகள் ஒர்னேலா, அமெரிக்காவில் படிக்கப் போகிறேன் என்றாள். எந்தக் கல்லூரி என்றும் தீர்மானித்துவிட்டாள். நவம்பர் முதல் தேதிக்குள் அந்த ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன் என்று அவளும் பெற்றோரும் இப்போதே கையெழுத்திட வேண்டும். உதவித்தொகை எவ்வளவு என்பது டிசம்பரில்தான் தெரியும். ஜனவரிவரை பொறுத்து ஏழெட்டுக் கல்லூரிகளுக்கு எழுதினால் யார் அதிகம் தருகிறார்கள் என்று பார்த்துப் போகலாம். ஆனால் உதவி கேட்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குள் இடம் அருகிவிடும்.

மேஜைக்கடியில் தொப்.

"இது என்னடி கூத்து? மோதிரத்தை மாட்டினப்புறம்தான் மாப்பிள்ளைக்கு வேலை இருக்கான்னே சொல்வாங்களாமா?"

பள்ளியில் இந்த விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆகே டீச்சர் வீட்டுக்கே வந்து விளக்கினார். "பணம் கட்டுப்படி ஆகலேன்னா சொல்லிட்டு விலகிக்கலாம், ஜெலோஷ். அதுக்கு இடம் வெச்சிருக்காங்க."

"கையைக் குலுக்கி வாக்குக் குடுத்துட்டு, அப்புறம் காலி ஜேப்பை வெளிய இழுத்துக் காட்டுறதா? எங்க அப்பன் என்னை அப்படி வளர்க்கல, டீச்சர்."

"அங்க யாரும் கையைக் குலுக்கப் போறதில்ல. ஒரு பொத்தானை அழுத்தணும், அவ்வளவுதான்."

"அது இன்னும் மோசம். பொத்தானோட முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

குடும்ப வருமானத்தைச் சொன்னால் தோராயமாக எவ்வளவு உதவி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்காட்டும் பக்கம் ஒன்று கல்லூரியிடம் இருந்தது. அவரவர் நாட்டுப் பணத்திலேயே எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஜெலோஷ் மகளைக் கணினி முன்னாலிருந்து எழுப்பிவிட்டார். அப்பன் சம்பாத்தியத்தைப் பிள்ளை பார்க்கக் கூடாதாம். இடது கையால் திரையை மறைத்துக்கொண்டு வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எண்ணாகக் குத்தினார்.

பதில் உடனே வந்தது. முழுக் கட்டணத்தையும் இந்தக் குடும்பத்தால் செலுத்த முடியும். உதவி எதிர்பார்க்க வேண்டாம்.

ஒர்னேலா எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை கேட்கவில்லை. அதுதான் டிலாவுக்குக் கவலையாக இருந்தது. அழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் நோயாளிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

ஜெலோஷின் முகத்திலும் துக்கம்தான். ஆனால் மீசை ஓரத்தில் அத்தோடு ஒட்டாத வேறொன்றும் இருந்ததை டிலா கவனித்தாள். மறுநாள் சாயங்காலம் அது என்னவென்று தெரிந்தது. கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் தோளில் போர்த்தியபடி பியாட்சா தெருவில் மெதுவாக நடந்தார். காபிக்கடையில் நான்கு பேருக்கும் தானே காசு கொடுத்தார்.

"என்ன செய்யறது! அமெரிக்காக்காரன் நம்ம கணக்கைப் பார்த்துட்டு, உங்களுக்கு உதவி செஞ்சா எங்களுக்குத்தான் அசிங்கம்னு சொல்லிட்டான்" என்று பெருமூச்சு விட்டார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாஷ்க், வெந்நீர்க் குழாய் ரிப்பேர் செய்பவன். காபியைக் குடித்து முடித்துவிட்டு, கூரைக்குத் தகரம் வாங்கக் கொஞ்சம் கைமாற்று கேட்டான்.

டிலா இல்லத்தில் மருந்து கொடுக்கும்போது புட்டியில் இருப்பதை இரண்டு முறை படிப்பாள். ஒரு சைபர் இடம் மாறினால் கிழவர் எழுந்திருக்க மாட்டார். இருவர் சம்பளத்தையும் கூட்டினால் எந்தத் தேசத்தில் அது பணக்காரத்தனம் என்று அன்று வேலை நேரம் முழுக்க யோசித்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டாள்.

"ஓ மனுஷா, அந்தப் பக்கத்துல வருமானம் எவ்வளவுன்னு குத்தின?"

"உள்ளதைத்தான்."

"வாயால சொல்லு."

"ஒரு கோடியே எண்பது லட்சம்."

டிலா நாற்காலியில் உட்கார்ந்தாள். மூடியிருந்த அறைக்கதவு திறந்தது. "அப்பா! பழைய லெக்கா?"

அறுபது வருடத்துக்கு முன் அரசாங்கம் நாட்டுப் பணமான லெக்கில் ஒரு சைபரை எடுத்தது. ஊரார் வாயிலிருந்து அது இன்னும் போகவில்லை. நோட்டில் இருநூறு என்று அச்சடித்திருக்கும். கடைக்காரர் இரண்டாயிரம் என்பார். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. அமெரிக்காவுக்கு இது தெரியாது. ஜெலோஷ் வாயில் வந்ததை விரலால் குத்தியிருந்தார்.

"பத்து மடங்கு! மடத்தையே விலைக்கு வாங்கற சம்பளத்தைப் போட்டிருக்கீங்க!" என்றாள் ஒர்னேலா. அவள் அழுதது அப்போதுதான். சிரிப்பும் சேர்ந்து வந்ததால் மூக்கைச் சிந்த டிலா கைக்குட்டையைக் கொடுத்தாள்.

"பாஷ்க்கிட்ட நான் என்ன சொல்றது?" என்றார் ஜெலோஷ்.

"சைபர் ஒண்ணு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லு."

சைபரை எடுத்துவிட்டு மறுபடி தட்டினாள் ஒர்னேலா. இந்த முறை பெரும்பங்கைக் கல்லூரியே ஏற்கும் என்று வந்தது. வீட்டின் பங்காகக் காட்டிய தொகை சிறியதுதான். ஆனால் டிலா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். "போறேன். ஞாயித்துக்கிழமை கிழவங்க சண்டை போடறது குறைவு" என்றாள்.

ஜெலோஷ் இன்னும் அசையவில்லை. "அடியில பாரு, தோராயம்னு போட்டிருக்கான். அவன் தோராயமாச் சொல்வான், நாம மட்டும் சத்தியமாச் சொல்லணுமா? நாளைக்கு அவன் கூட்டிக் கேட்டா? வாக்குக் குடுத்துட்டேன்னா நான் காரை வித்தாவது கட்டுவேன். கார் போனா சோறு போச்சு."

"கட்டுப்படி ஆகலேன்னா விலகிக்கலாம்னு டீச்சர் சொன்னாங்களே அப்பா."

"நான் விலகமாட்டேன். அதுதானே சிக்கல்."

ஒர்னேலா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். "அப்பா, சிஸ்டர் ஒரு வருஷமா உங்ககிட்ட கத்துக்கறாங்க. அவங்களா ஒரு தடவையாவது பிரேக் போட்டிருக்காங்களா?"

"எப்படிப் போடுவாங்க? அதுக்குள்ள நான் போட்டுடறேனே."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவர் காதில் விழுந்தது. மேஜை மீதிருந்த வறுத்த செஸ்நட் ஒன்றை எடுத்து, உரித்து, தின்னாமல் கீழே வைத்தார்.

"இடம் கிடைச்சா போயிடுவ. அப்படித்தானே, அப்பன் மகளே?"

"ஆமா."

கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெற்றோர் பெயர் என்று கேட்ட இடத்தில் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் மேஜைக்கடியில் ஒரு மிதி விழுந்தது. பாதிப் பெயரில் விரல் நின்றுவிட்டது. ஊசி போடும்போது கிழவர்களின் கையை டிலா பிடிப்பாள், இறுக்காமலும் விடாமலும். அதே மாதிரி தன் காலை அவர் கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். மீதி எழுத்துகளும் விழுந்தன. பொத்தானை ஒர்னேலா அழுத்தினாள்.

மறுநாள் காலை சிஸ்டர் செலஸ்தீனா மடத்து வாசலில் காத்திருந்தார். ஜெலோஷ் வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். பிறகு குனிந்து, புது ஒட்டுப் போட்ட வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்தார்.

"கால் வலியா, ஜெலோஷ்?"

"இல்ல சிஸ்டர். கிளம்புங்க."

கோட்டைக்குக் கீழே சாலை நேரானது. தூரத்தில் முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. "மூணாவது போடுங்க" என்றார். சிஸ்டர் நம்பாமல் திரும்பிப் பார்த்தார். "ரோட்டைப் பாருங்க சிஸ்டர், மூணாவது!" கியர் விழுந்தது. கார் ஒரு வருடத்தில் போகாத வேகத்தில் போனது.

"முன்னால லாரி, ஜெலோஷ்!"

"தெரியுது. உங்க காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு."

சொல்லிவிட்டு, காலுறை மட்டும் போட்ட அந்த வலது காலைத் தூக்கி இருக்கையின்மேல் மடித்து வைத்து, இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.