சிவப்புக் கோட்டுக்கு மேலே

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. அது மனிதர்களுக்கானது அல்ல. கோழிச் செட்டின் நடுத்தூணில், கோழிகளின் தலை உயரத்துக்கு அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். நாமக்கல்லிலிருந்து வந்துபோகும் கோழி டாக்டர் கொடுத்தது. கொடுக்கும்போதே சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அதன் பலகையில் ஒரு கோடு போட்டார். "பாதரசம் இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா கோழி தாங்காதுங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லீங்க" என்றார்.

நான் அந்தக் கோட்டுக்குப் பயந்து வாழ்ந்தவன். பங்குனி பிறந்தால் போதும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடிப்போய்ப் பார்ப்பேன். "பெத்த புள்ளைக்குக் காச்சல் வந்தப்பக்கூட நீங்க இப்படிப் பார்த்ததில்லீங்க" என்பாள் என் மனைவி. பிள்ளைகளைப் பார்க்க நீ இருக்கிறாய், அக்கா இருக்கிறாள், கோழிக்கு நான்தானே என்று பதில் சொல்வேன். எதற்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருக்கிற ஆள் நான். பதில் சொல்லியாக வேண்டிய ஒரே ஒரு நேரத்தில் மட்டும் என் வாயில் கொழுக்கட்டை இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மச்சான் போன பிறகு, பிள்ளையும் இல்லாததால், ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மேற்கு அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்தோம். அப்பா கட்டிய வீடு அது. தடித்த மண்சுவர், மேலே பனங்கை, மூங்கில் பரப்பி இரண்டு அடுக்காக நாட்டு ஓடு. சித்திரை வெயிலில் களத்திலிருந்து உள்ளே வந்தால் உடம்பு தானாகவே அப்பாடா என்று சொல்லும்.

ஆனால் அந்த ஓட்டை வருசாவருசம் பிரித்துத் திருப்பி வேய வேண்டும். பூனை ஓடினால் நழுவும். மழைக்கு அங்கங்கே குண்டா வைக்க வேண்டும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. கோழிச் செட்டுப் போட்டபோது ஆஸ்பெஸ்டாஸ் அட்டை கொஞ்சம் மிச்சப்பட்டது. வீணாகக் கிடக்கிறதே என்று, மேற்கு அறையின் ஓட்டைப் பிரித்துத் தள்ளிவிட்டு அந்த மிச்சத்தைப் போட்டேன். ஒரே நாளில் வேலை முடிந்தது. அட்டை போட்ட வீடு என்றால் அப்போது ஊரில் ஒரு மதிப்பும் இருந்தது.

"இனிமே ஒரு பொட்டுத் தண்ணி எறங்காதுங்க்கா" என்றேன் பெருமையாக.

"நல்லாருக்குது சாமி" என்றாள் அக்கா. எங்கள் பக்கம் பெரியவர்கள் சின்னவர்களையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

தண்ணீர் இறங்கவில்லை. வெயில்தான் இறங்கியது. முதல் கோடையிலேயே மத்தியானத்தில் அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை. தலைக்கு மேல் யாரோ தோசைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி வீட்டில் இருக்க இடம் கிடைத்தவள், அந்த இடத்தைக் குறை சொல்லமாட்டாள். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த மாசியில் அவளே ஒரு வழி பண்ணினாள். தென்னை மட்டைகளைத் தொட்டியில் ஊறப்போட்டு, வேலையெல்லாம் ஒழிந்த பிறகு உட்கார்ந்து கீற்று முடைந்தாள். ஒரு மாதம் முடைந்திருப்பாள். விரல் நுனியெல்லாம் கிழிந்திருந்தது. எங்கள் பண்ணை ஆளை விட்டு அட்டைமேல் கனமாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டவைத்தாள். அறை படுக்கும்படி ஆனது. கோழிச் செட்டின் கூரைக்கும் கீற்றுப் போடலாம், பக்கக் கம்பிவலையில் ஈரச் சாக்குத் தொங்கவிடலாம் என்ற யோசனை எனக்கு வந்ததே அதைப் பார்த்துத்தான். டாக்டர் பாராட்டியபோது என் யோசனை என்று சொல்லிக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருசம் மழை சுத்தமாகப் பொய்த்தது. தென்னை மரங்களே தலை சாய்ந்து நின்றன. செட்டின்மேல் போட்டிருந்த பழைய கீற்று மக்கி உதிர்ந்துபோயிருந்தது. புதிதாகப் போட ஓலைக்கு எங்கே போவது? திருச்செங்கோடு வரை சொல்லி வைத்தும் கிடைக்கவில்லை. சித்திரையில் ஒரு நாள் பதினோரு மணிக்கே பாதரசம் கோட்டைத் தொட்டுவிட்டது. கோழிகளெல்லாம் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலு.

அன்றைக்கு அக்கா வீட்டில் இல்லை. ஓமலூர்ப் பக்கம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து என்று விடியலிலேயே பஸ் ஏறியிருந்தாள். நான் செட்டின் வாசலில் நின்று சுற்றிமுற்றிப் பார்த்தேன். வீட்டின் மேற்கு மூலையில், அட்டைமேல், அந்த வருச மாசியில் அக்கா இருந்த மட்டையையெல்லாம் சேர்த்து முடைந்த புதுக் கீற்று கனமாகக் கிடந்தது.

யோசிக்க நேரம் இருந்தது. இதை ஒளிக்கப் போவதில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு செட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கிற நேரம் முழுக்க இருந்தது. ஒரு வாரத்துக்குத்தானே என்று நினைத்தேன். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவது நினைப்புத்தான் என்னை ஏணியில் ஏற்றியது. கயிற்றை அறுத்து, ஒரு கீற்று விடாமல் இறக்கி, ஆளும் நானுமாகச் செட்டின்மேல் பரப்பித் தண்ணீர் அடித்தோம். மூன்று மணிக்குப் பாதரசம் கோட்டுக்குக் கீழே இறங்கியது. கோழிகள் வாயை மூடின.

பொழுது சாய அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். கையில் காதுகுத்து வீட்டு முறுக்குப் பொட்டலம். களத்தில் கால் வைத்ததுமே அவள் பார்வை கூரைக்குப் போனதை நான் பார்த்தேன். மொட்டையாக நின்ற அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கோழி எப்படியிருக்குது சாமி?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையல் அறையிலிருந்து என் மனைவி வந்துவிட்டாள். அவளுக்கு மத்தியானத்திலிருந்தே என்மேல் கோபம். "ஏனுங்க நங்கையா, உங்களைக் கேட்டுப்போட்டுத்தான் இவரு கீத்தைப் பிரிச்சாருங்களா?" என்று கேட்டாள். புருசனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள்.

அக்கா முறுக்குப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தாள். "நாந்தே எடுத்துக்கச் சொல்லிப்போட்டுப் போனேன். வாயில்லாத சீவன், பாவம். எனக்கென்ன, தண்ணி வேணும்னா கேக்கத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாள்.

அவள் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. சொல்லாமல், ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். என் மனைவியின் கோபம் அப்படியே அக்காமேல் திரும்பியது. "உங்களுக்கே இது நல்லாருக்குதுங்களா? மனுசரைவிடக் கோழி பெருசாப் போச்சுங்களா?" என்று ராச்சோறு வரைக்கும் பொரிந்துகொண்டிருந்தாள். அக்கா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் என்றது மூன்று வாரமானது. பாதரசம் கோட்டைத் தாண்டாததால் மத்தியானத்தில் செட்டுப் பக்கம் போவதை நான் விட்டிருந்தேன். கோழி டாக்டர் ஒரு மத்தியானம் வந்தார். கீற்றுப் போட்டதைப் பார்த்துவிட்டு, "அருமையாப் பண்ணியிருக்கீங்க" என்று முதுகில் தட்டினார். அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். தரையில் நிலக்கடலைத் தோலைப் பரப்பி, அதன்மேல் கோழிகள் திரிகிற செட்டு அது. நாலைந்து எட்டு வைத்ததும் அவர் நின்றுவிட்டார்.

கடைசி மூலையில், ஈரச் சாக்குத் தொங்கிய கம்பிவலை ஓரம், அக்கா படுத்திருந்தாள். ஒரு சாக்கை விரித்து, கையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கோழிகள் அவளைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்று அவள் இடுப்போரம் சேலைமேலேயே உட்கார்ந்திருந்தது. அவள் அன்றைக்குத்தான் வந்து படுத்ததுபோல் இல்லை. பலநாள் பழக்கம்போல் இருந்தது.

காலடிச் சத்தம் கேட்டுப் பதறி எழுந்தாள். முகமெல்லாம் வேர்க்குரு. டாக்டரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சாக்கு நனைக்க வந்தனுங்க, கண்ணு அசந்துபோச்சு. கோழிக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லீங்களே?" என்று அவரிடம் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

அவரை அனுப்பிவிட்டு, தூணிலிருந்த தெர்மாமீட்டரை அவிழ்த்து எடுத்துக்கொண்டு மேற்கு அறைக்குப் போனேன். கட்டில் கால்மாட்டு ஆணியில் மாட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்தேன். பாதரசம் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது, நிற்கவில்லை. கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் போய் நின்றது. கோழி தாங்காது என்று டாக்டர் சொன்ன இடத்தைத் தாண்டிய அறையில், என் அக்கா மூன்று வாரம் குடியிருந்திருக்கிறாள். கீற்று இல்லாத முதல் கோடை வேறு இருக்கிறது. அன்றைக்கு அளக்கத் தெர்மாமீட்டர் அங்கே வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே நாமக்கல் போனேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எனக்குப் பழக்கமான ஆசாரி ஒருவர் இருந்தார். விசயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, அறை சூடாக இருக்கிறது என்று மட்டும். "கேபின் கூரைக்கு உள்ளார பண்றதைத்தான் அங்கயும் பண்ணோணுங்க. இல்லாட்டி எங்க டிரைவருங்க மண்டை காஞ்சு செத்துப்போவாங்க" என்றார். வந்து பார்த்தார். அட்டைக்கு ஒரு முழம் கீழே சட்டம் அடித்து, பிளைவுட் பலகை பொருத்தி, அதன்மேல் தேங்காய் நாரைக் கனமாகப் பரப்பினார். நாருக்கும் அட்டைக்கும் நடுவில் இடம் விட்டு, சூடு வெளியே போக இரண்டு பக்கச் சுவரிலும் உச்சியில் ஓட்டை போட்டுக் கம்பிவலை அடித்தார். அட்டையின் மேல்பக்கம் நானே ஏறிச் சுண்ணாம்பு அடித்தேன். மூன்று தடவை அடித்தேன். அக்கா கீழே நின்று, "வெயில்ல எதுக்கு சாமி, எறங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாதரசம் கோட்டுக்குக் கீழே வந்தது. இரண்டு நாள் வேலை. இதை அட்டை போட்ட அன்றைக்கே செய்திருக்கலாம். ஆசாரி அப்போதும் அதே பட்டறையில்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குத் தாங்க முடியாதது. அக்கா என்னைக் கொண்டாட ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் மேற்கு அறைக்குள் கூட்டிப்போய் நிற்க வைப்பாள். "என்ற தம்பி லாரி கேபினாட்டம் பண்ணிக் குடுத்திருக்கறான் பாருங்க. எந்தத் தம்பி பண்ணுவான்?" என்பாள். வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

இன்னொன்றும் வளர்ந்தது. தன் கீற்றைக் கோழிக்குக் கொடுத்துவிட்டுக் கோழியோடு போய்ப் படுத்துக்கொண்ட அத்தை என்று எங்கள் வீட்டில் அது ஒரு கதையாகிவிட்டது. பிள்ளைகள் அவளுக்குக் கோழிப் பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள். பொங்கலுக்கு எல்லாரும் கூடினால், அத்தை எப்படிப் பதறி எழுந்தாள், டாக்டரிடம் என்ன கேட்டாள் என்று என் பெரியவன் நடித்தே காட்டுவான். வீடே உருண்டு புரண்டு சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். அவள் என் பக்கம் பார்க்கமாட்டாள். பார்த்தால் நான் சொல்லிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ. நானும் சிரிப்பேன். ஒரு தடவை அவன் நடிக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டான், நானே எடுத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

எண்பதுகள் முடியும்போது அக்காவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. ஒரு சித்திரை மத்தியானம் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்து குடித்தாள். தலைக்கு மேல் பிளைவுட் பலகை பழுப்பேறியிருந்தது. தெர்மாமீட்டர் அதே ஆணியில் தொங்கியது. செட்டுக்கு நான் அப்போதே வேறொன்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. இத்தனை வருசம் விழுங்கியது வெளியே வந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்குக் கீத்தை எடுத்துக்கச் சொல்லி நீங்க சொல்லவே இல்லீங்களே."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். மறந்துபோயிருப்பாள் என்றும், அப்படியா என்று கேட்பாள் என்றும் எனக்குள் ஒரு கேவலமான ஆசை இருந்தது.

"கேட்டிருந்தா நானே ஏறிப் பிரிச்சுக் குடுத்திருப்பனே சாமி" என்றாள். "நீ கேக்கலியே."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குளுகுளுவென்றிருந்த அந்த அறையில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.