கடைசியாகப் போன இடங்கள்

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் தெருவில் அவருக்கு வழிக்காரர் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், பிறகு நிலைத்துவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அவருடைய பட்டறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "முந்நூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் இடப்பக்கம் திரும்பினால் சுவரில்தான் முட்டவேண்டும். "உங்க ஆசைநாயகி கூப்பிடறா, என்னன்னு கேளுங்க" என்பாள் அவர் மனைவி. முன்னறையில் உட்கார்ந்து வண்டிகளை வாங்கி வைத்து, சீட்டு எழுதுவது அவள் வேலை.

பழைய குடும்பக் கார்கள்தான் அவரிடம் வரும். பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற சின்னக் கார்கள், பதினைந்து வயது, பதினெட்டு வயது ஆனவை. கம்பெனியிலேயே பொருத்தி வந்த செட் அவற்றில் இருக்கும். பாட்டும் அதுதான், வழிகாட்டியும் அதுதான், ஏசியின் அளவைக் காட்டுவதும் அதுதான். கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வேறொன்றை மாட்டலாம் என்றால் அந்த வளைவான பள்ளத்தில் வேறு எதுவும் உட்காராது. பேட்டரி ஒருமுறை செத்துப் பிழைத்தால் போதும், திருட்டுப் பொருளோ என்று சந்தேகப்பட்டு நாலு இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த வாயைத் திறக்க வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

முப்பது வருடத் தொழிலில் அவருக்குப் பழகாதது ஒன்று உண்டு. செட்டைக் காரிலிருந்து பிடுங்கி மேஜைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தால், தன்னைப் பிடுங்கியதே அதற்குத் தெரியாது. கூரையிலிருக்கும் ஆண்டெனா இல்லாமல் அது வானத்தைப் பார்க்க முடியாது. அதனால் கார் கடைசியாக எங்கே நின்றதோ அங்கேயே நிற்பதாக நினைத்துக்கொள்ளும். நொறுங்கிப்போன கார்களிலிருந்து வருகிற செட்டுகளும் அப்படித்தான். ஏதோ ஒரு வளைவில், ஏதோ ஒரு பாலத்தின்மேல் அம்புக்குறி நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல இருக்கும் என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னார். அவள் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு விளக்கைப் போட்டாள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் செட் உயிர் பெற்றாலும், பாட்டு வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, 'கடைசியாகப் போன இடங்கள்' என்கிற பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவார். அதற்குக் காரணம் ஒரு வாத்தியார். நாலு வருடமாக இருண்டு கிடந்த அவருடைய செட்டைச் சரிசெய்து கொடுத்தபோது, பக்கத்தில் இருந்த வாத்தியார் மனைவி பட்டியலைத் திறந்து குஷியாக உரக்கப் படித்தாள். மூன்றாவது முகவரியில் அவள் குரல் நின்றுவிட்டது. அன்றைக்கு வாத்தியார் காரைவிட்டு இறங்கவில்லை. அந்தம்மா மறுபடி ஏறவில்லை. பட்டறை வாசலிலேயே ஒரு குடும்பம் இரண்டாகப் போனதைப் பார்த்ததிலிருந்து அவர் கை முந்திக்கொள்ளும். மனம் எதையும் நினைப்பதற்குள் விரல் அழித்துவிட்டிருக்கும்.

ஒருநாள் வந்த சாம்பல் நிறக் காரையும் அப்படித்தான் தொட்டார். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு பெண் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தாள். செட்டைக் கழற்றினார், மேஜைக்குக் கொண்டுபோனார், எண்ணைக் கண்டுபிடித்துப் போட்டார். திரை ஆரஞ்சு நிறத்தில் விழித்தது. அம்புக்குறி, ஒரு சாலை இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்றது. பட்டியலில் ஐந்து வரிகள். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கேட்டது. ஆம் என்றார்.

டீயோடு வந்த மனைவி, "சீட்டைப் படிச்சீங்களா?" என்றாள்.

"என்ன சீட்டு?"

"ஸ்டியரிங்மேல ஒட்டியிருந்தேனே! எதையும் அழிக்கக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேனே!"

சீட்டு காருக்குள் கால்மிதியில் விழுந்து கிடந்தது. மனைவி டீயை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கார் அந்தப் பெண்ணின் அப்பாவுடையது. அம்மா இறந்த அன்று, "அம்மாவைக் கொன்னது நீங்கதான்" என்று கூடியிருந்தவர்கள் எதிரில் இவள் அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அதோடு நாலு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பியவர், பாதி வழியில் நெஞ்சுவலி வந்து, ஓரமாக நிறுத்தி, அப்படியே போய்விட்டார். பேட்டரியும் அங்கேயே செத்து, செட் அன்றோடு வாயை மூடிக்கொண்டது. சாலை பிரிகிற இடம் அது. இடது பக்கம் போனால் மகள் ஊர், வலது பக்கம் போனால் அவருடைய தம்பி ஊர். என்னைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தான் அண்ணன் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் வருவதாக அவருக்கும் அண்ணன் சொல்லியனுப்பவில்லை.

"தெரிஞ்ச ஊருக்கே இந்தச் செட்ல இடத்தைப் போட்டுட்டுத்தான் அவர் வண்டியைக் கிளப்புவாராம். முதல் வரியில என்ன இருக்குன்னு மட்டும் பாத்தாப் போதும்னு சொன்னா" என்றாள் மனைவி. "அப்பா தன்கிட்டதான் வந்தாரான்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

வழிக்காரர் கண்ணை மூடினார், திறந்தார். ஐந்து வரிகளும் கண்ணில் பட்டன, அது நிச்சயம். ஆனால் படித்தாரா? தெருவில் எதிரே போகிறவர் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்திருந்தார்.

"உண்மையைச் சொல்லிடுங்க. கோபப்பட்டா படட்டும்" என்றாள் மனைவி.

"கோபப்பட்டா பரவாயில்லை. அழுதா?"

அவள் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து அந்தக் காரியத்தைச் செய்தார். சீட்டில் தொலைபேசி எண்ணுக்குக் கீழே அந்தப் பெண்ணின் முகவரி இருந்தது. மேஜைமேல் இருந்த செட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் திருகித் திருகி அதைப் போட்டார். வழி காட்டத் தொடங்கினால்தான் பட்டியலில் ஏறும், அதனால் அந்தப் பொத்தானையும் அழுத்தினார். செட் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அந்தப் பெண்குரல் நிதானமாக, "நூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்றது.

இரண்டு வருடமாக அந்தப் பிரிவில் நிற்கிற மனிதரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல இருந்தது. அவர் எந்தப் பக்கம் போக நினைத்தாரோ, யாருக்குத் தெரியும்? செட்டை அணைத்துவிட்டு, மன்னிச்சுக்குங்க என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு கொண்டுபோய்க் காரில் மாட்டினார்.

பதினொரு மணிக்கு அவள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஓட்டுநர் இருக்கையில் உட்காராமல் சுற்றிவந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். வழிக்காரர் வெளியே நின்றபடி கையை நீட்டிப் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு வரி.

"மத்ததெல்லாம் போயிடுச்சும்மா. பழைய செட் பாருங்க. இது ஒண்ணுதான் தங்குச்சு."

அவள் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "என் வீடு அண்ணே" என்றாள். "இது என் வீடு." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவர் தலையை ஆட்டினார். செய்தது சரிதான் என்று அந்த ஒரு நிமிடம் அவருக்குத் தோன்றியது. கதவருகே வந்து நின்ற மனைவி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை மெல்ல நின்றது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

"நாங்க இந்த வீட்டுக்கு வந்தே ஏழு மாசம்தான் ஆகுது" என்றாள்.

மனைவிதான் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள்: சீட்டு விழுந்து கிடந்தது, கைப்பழக்கத்தில் அழிந்தது. முகவரியைப் போட்டதை அவள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தாள். வழிக்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அழிக்கறதுக்கு முன்னாடி பாத்தீங்கல்ல?" என்றாள்.

"பாத்தேம்மா."

"முதல் வரி?"

"ஞாபகம் வரல. சத்தியமா வரல."

"அப்ப நாங்க இருந்தது தண்ணித்தொட்டித் தெரு. பதினேழாம் நம்பர்."

அவர் தலை நிமிர்ந்தது. ஆரஞ்சு எழுத்துகளில், முதல் வரியில், அந்தத் தெருவின் பெயர் அப்படியே கண்முன் வந்து நின்றது. நீளமான பெயர், கடைசியில் பதினேழு. "அதுதாம்மா! அதேதான். தண்ணித்தொட்டித் தெரு. நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன்!"

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இப்ப நான் சொன்னதுதானே அண்ணே அது" என்றாள். இறங்கிச் சுற்றிவந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவர் எந்தச் செட்டிலும் எதையும் அழிப்பதில்லை. உயிர் வந்ததும் பட்டியலைத் திறந்து முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பார், மனைவி எழுதிக்கொள்வாள். யாருடைய கார், எந்த ஊர்க் கார் என்றில்லை, முதல் வரியைப் பார்த்ததும் அவர் வாயில் தண்ணித்தொட்டித் தெரு என்றுதான் வருகிறது. அன்று திரையில் கண்டாரா, அவள் வாயிலிருந்து கேட்டாரா என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. மனைவி அதை எழுதுவதில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படிக்கும்வரை காத்திருப்பாள்.