உண்டியல் இல்லாத சத்திரம்

1992-ஆம் ஆண்டு ஆனி மாதம். அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையிலிருந்து நர்ஸ் பயிற்சிக்கான நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தது. "இந்த ஒரு தடவ போயிட்டு வா. கெடைக்கலைன்னா பேசாம மில்லுல சேந்துரு" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

துணைக்கு வந்தது அம்மா. ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை. மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால் எங்கே போனாலும் அவர் குரல் நாலு வீடு கேட்கும்.

விடியற்காலை, பஸ் புதுச்சேரியை நெருங்கும்போது பக்கத்து சீட்டுக் குழந்தை என் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டது. பாவாடை தாவணியெல்லாம் நாற்றம். பையில் நேர்காணலுக்கென்று மடித்து வைத்த ஒரே ஒரு சேலை இருந்தது. குளிக்காமல் அதை எப்படிக் கட்டுவது? பஸ் நிலையத்துக் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம். ஆஸ்பத்திரி கடற்கரைப் பக்கம், நேராகக் கிழக்கே போங்கள் என்றார்கள்.

"இம்புட்டுப் பெரிய ஊர்ல சத்திரம் ஒண்ணு இல்லாமலா போயிரும்? நட" என்றார் அம்மா.

கடைவீதியைக் கடந்து ஒரு வாய்க்காலைத் தாண்டினோம். அவ்வளவுதான், ஊரே மாறிவிட்டது. மஞ்சள் பூசிய நீளமான மதில்கள், அவற்றின் மேல் வழிகிற காகிதப் பூக்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு சன்னல்கள். தெருவில் ஒரு குப்பை இல்லை, ஒரு சத்தம் இல்லை. எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் கோபுரமோ மலையோ தெரியும். இங்கே தெரு நூல் பிடித்ததுபோல் ஓடி, அதன் முடிவில் கடல் ஒரு நீலச் சுவராக நின்றது. கடலை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்றம், நேர்காணல் எல்லாம் மறந்து நின்றுவிட்டேன்.

சில மூலைகளில் பிரெஞ்சில் மட்டும் பலகை இருந்தது. அம்மா வாசிக்கச் சொல்ல, எழுத்துக்கூட்டி வாசித்தேன். எல்லாமே 'ரூ' என்றுதான் தொடங்கியது.

"யாருட்டி அந்த ரூ? நம்மூருல தெருவுக்குத் தெரு ராசாமாரு பேரு இருக்க மாதிரி, இங்க அவுகதான் பெரிய ஆளு போல" என்றார் அம்மா. இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த திருப்பத்தில் பெரிய கதவு ஒன்று விரியத் திறந்திருந்தது. உள்ளே வரிசையாகத் தூண்கள், நடுவில் வானம் பார்த்த முற்றம். "ஏட்டி, சத்திரம்!" என்றார் அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் போனால் நாங்கள் சத்திரத்தில்தான் தங்குவோம். இதே மாதிரி தூண், இதே மாதிரி திறந்த கதவு. எனக்கும் சந்தேகம் வரவில்லை.

"சத்திரத்துக்காரவுக யாரும் இருக்கியளா?"

வெள்ளை முடியைக் கத்தரித்து, கவுன் போட்ட ஒரு வயதான அம்மா வந்தார். எங்களைப் பார்த்தார். என் பாவாடையைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, "வாங்க. கிணறு பின்னால இருக்கு" என்றார், தமிழில்.

அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டே, "வாளி ஓட்டையா இருக்கே. சனம் வந்து போற எடத்துல இதெல்லாம் பாக்க மாட்டியளா?" என்று அதட்டினார். அவர் உள்ளே போய் வேறு வாளி கொண்டுவந்தார். அதோடு விட்டாரா அம்மா? "பந்தி எப்பம்மா போடுவீக?"

"குளிச்சிட்டு வாங்க, போட்டுடலாம்."

சேலை கட்ட ஓர் அறையைக் காட்டினார். அங்கே தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை ஒரு கண்ணாடி. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும். உச்சி முதல் பாதம் வரை என்னை நானே முழுசாகப் பார்த்தது அன்றுதான். நர்சாகத்தான் ஆவாள் இவள் என்று அந்தக் கண்ணாடியில் இருந்தவளைப் பார்த்துத் தோன்றியது.

பந்தி ஒரு நீண்ட மேசையில் நடந்தது. நீள ரொட்டி, வெண்ணெய், ஆளுக்கொரு கிண்ணம் நிறையக் காப்பி. "காப்பிய என்னட்டி கொழம்புக் கிண்ணத்துல குடுக்காக?" என்று அம்மா தன் அளவில் மெல்லக் கேட்டார். கவுன் போட்ட அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிளம்பும்போது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி வாசல் பக்கம் தேடினார். "உண்டியல் எங்கம்மா இருக்கு?"

"உண்டியலா? இது என் வீடும்மா."

அம்மாவின் கை முந்தானை முடிச்சிலேயே நின்றுவிட்டது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். "ஆத்தி! வாளிய வேற கொற சொன்னேனே!"

"ஓட்டை வாளிதானே. பொய்யா சொன்னீங்க?" என்று சிரித்தார் அவர். குடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை எங்களோடு நடந்தே வந்தார். வழியில் அம்மா ரூவைப் பற்றி விசாரிக்க, ரூ என்றால் வீதி என்று அவர் சொன்னதும் மூன்று பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் மெதுவாகக் கேட்டேன், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று.

"சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டுட்டு வெளிய போயிருப்பீங்க. அந்தத் துணியோட எங்க போயிருப்ப? உள்ள போ, நேரமாச்சு."

எனக்கு இடம் கிடைத்தது. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்சாக இருக்கிறேன். சொந்தக்காரரைத் தேடி எங்கள் வார்டுக்குள் தவறி நுழைகிறவர்கள் தினமும் உண்டு. கையில் தூக்குவாளி, முகத்தில் கலக்கம். இது அந்த வார்டு இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, தண்ணி குடிங்க" என்றுதான் என் வாயில் வருகிறது.