கோபுரம் தெரியும் மேசை

அறுபதுகளின் கடைசியில் ஏழு மாதம் நான் காஞ்சிபுரத்தில் தனியாக இருந்தேன். சென்னையில் ஓவியப் படிப்பை முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே, வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு பழைய சமணக் கோயில் இருக்கிறது. அதன் மண்டபக் கூரையில் உள்ள ஓவியங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அவை முழுக்கப் போய்விடுவதற்குள் அளவு மாறாமல் பிரதி எடுப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. தங்குவதற்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறை கிடைத்தது. அறையில் அடுப்பு மூட்டக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு.

ஏகாம்பரநாதர் கோயில் சன்னதித் தெருவில் ஒரு ஓட்டல் இருந்தது. எட்டு மேசை, சுவரில் சாமி படங்கள், வாசலை ஒட்டிக் கல்லா. முதல் நாள் காலை உள்ளே நுழைந்ததும் சர்வர் ஓடி வந்தார்.

"உள்ள ஃபேமிலி ரூம் இருக்குது. அங்க போய் உக்காருமா."

ஃபேமிலி ரூம் என்பது பலகை அடித்துத் தடுத்த ஒரு மூலை. பச்சைத் திரை தொங்கியது. ஜன்னல் கிடையாது. மேசைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்தன. மங்கலான பல்பின் கீழ் உட்கார்ந்து சாப்பிடும்போது, ஏதோ தப்புச் செய்துவிட்டு ஒளிந்திருப்பது போல எனக்கு இருந்தது.

தட்டில் வந்ததைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த இட்லியைப் போல நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. எங்கள் திருச்சியில் இட்லி என்றால் வெள்ளையாக, பூப்போல இருக்க வேண்டும். இது வேறு ஜாதி. அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்து, புளிக்க வைத்து, நெய்யும் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தார இலை சுற்றிய மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். வெந்ததும் நீளமாக வெளியே எடுத்து, துண்டு துண்டாக அறுத்துத் தருவார்கள். முதல் வாயில் இலை மணம். அதற்குப் பிறகு மிளகின் சுரீர். சட்னியே தேவையில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமாகத்தான் இந்த இட்லிக்குப் பேர். சின்ன காஞ்சிபுரம் போய் அதையும் சாப்பிட்டுப் பார்த்தேன். பெருமாள் மன்னிக்க வேண்டும், எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

நாள் முழுக்கச் சாரத்தின் மேல் மல்லாந்து படுத்து, இருட்டுக் கூரையைப் பார்த்தபடியே இருக்கிற வேலை எனக்கு. காலையிலாவது கொஞ்சம் வெளிச்சமும் காற்றும் வேண்டும் போலிருந்தது. ஐந்தாம் நாள் நான் திரைக்குப் பின்னால் போகவில்லை. கூடத்தில், ஜன்னலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு நேர் எதிரே ராஜகோபுரம். அப்போதுதான் வெயில் அதன் உச்சியைத் தொட்டிருந்தது.

கூடத்தில் பேச்சு நின்றது. தறிக்குப் போகும் முன் சாப்பிட வந்த நெசவாளர்கள்தான் பெரும்பாலும். சாய வேலை பார்ப்பவர்களும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், விரலெல்லாம் அரக்குச் சிவப்பாக. யாரும் என்னைத் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. சர்வர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"தோ பாரும்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆம்பளைங்க வந்து போற எடம் இது."

"நானும் சாப்பிடத்தானே வந்திருக்கேன் சார்? காத்து வர்ற எடத்துல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிடறேன்."

அதற்குள் சமையல்கட்டுக் கதவு திறந்தது. ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மாள், முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். நேராக என் மேசைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சர்வரைப் பார்த்து, "ஏம்பா, இந்தப் பொண்ணுக்கு எடுத்துக்கினு வா. எனக்கும் ரெண்டு துண்டு வை" என்றார்.

முதலாளி திகைத்துப் போனார். "நீ எங்க இங்க?"

"சாப்டப் போறேன். நான் செஞ்சதுதானே?"

அப்போதுதான் அவர் முதலாளியின் மனைவி என்று எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் நான் வியந்து சாப்பிட்ட இட்லி அவர் கைவேலை என்பதும். இரண்டு பேருக்கும் தட்டு வந்தது. அம்மாள் முதல் துண்டைப் பிட்டு வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இருவது வருசமா செய்யறேன். இப்படிச் சூடா ஒரு நாள் சாப்ட்டதில்ல. எல்லாரும் சாப்ட்டு முடிச்சப்புறம் ஆறிப்போனதுதான் நமக்கு."

மறுநாளும் வந்து உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் பக்கத்து மேசை நெசவாளர் ஒருவர் தலையைத் திருப்பி, "அக்கா, மொளகு இன்னிக்குத் தூக்கலா இருக்குது" என்றார். அம்மாள், "மழைக் காலம்பா, தொண்டைக்கு நல்லது" என்றார். கூடத்தில் ஒரு சிரிப்பு பரவியது. பேச்சு பழையபடி நடக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது!

அவருக்கு என் வேலை மேல் ஆசை வந்தது. "மேல பாத்துக்கினே படம் போடறியா? கழுத்து வலிக்காதா?" என்று தினமும் கேட்பார். அந்த ஊரிலேயே பிறந்தவர், ஆனால் ஆற்றைத் தாண்டி அந்தக் கோயிலுக்குப் போனதே இல்லை. ஒரு அமாவாசையன்று ஓட்டலுக்கு விடுமுறை. குதிரை வண்டி வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் சமணர் என்று நான் சொல்லியிருந்தேன். அதனால் வெங்காயமோ பூண்டோ கிழங்கோ சேர்க்காமல் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்து வந்தார்.

கோயிலைப் பார்த்துக்கொண்டவர் அந்தக் கிராமத்து விவசாயி. எங்களைக் கண்டதும், சமணர் வழக்கப்படி வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அம்மாளுக்குக் கூரை ஓவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் அப்போது பிரதி எடுத்துக்கொண்டிருந்தது ஆதிநாதரின் கதை. அரசைத் துறந்த அவர் ஊர் ஊராக நடக்கிறார். துறவிக்கு என்ன கொடுப்பது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. யானையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். குதிரை, நகை, பெண் என்று எல்லாம் தருகிறார்கள். அவர் எதையும் தொடாமல் நடந்துகொண்டே இருக்கிறார். ஒரு வருடம் அப்படியே போகிறது.

"ஒரு வருசமா?" என்றார் அம்மாள். "சாப்ட்டியாப்பான்னு ஒருத்தர்கூடக் கேக்கலியா?"

"கேக்கணும்னு தோணலம்மா. ராஜாவா இருந்தவர், இவருக்குப் போய்ச் சோறு குடுக்கறதான்னு நெனச்சிருப்பாங்க. கடைசியா ஒருத்தர்தான் கரும்புச் சாறு குடுத்தாரு" என்றார் அந்த விவசாயி.

அம்மாள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"மத்தியானத்துக்கு நீ என்னா சாப்பிடற இங்க?"

நான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கிராமத்தில் கடை எதுவும் கிடையாது. காலையில் வாங்கி வரும் ஒரு பன்னும் இரண்டு வாழைப்பழமும்தான் என் மதியச் சாப்பாடு. சொன்னேன்.

"ரெண்டு மாசமா என் எதுக்க உக்காந்து சாப்புடற. நானும் கேக்கவேயில்ல பாரு" என்றார். அவருக்குக் கோபம் அவர் மேலேயே.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது கல்லாவின் மேல் மூன்றடுக்குத் தூக்கு ஒன்று இருந்தது. அதை முதலாளியே எடுத்து நீட்டினார். "சூடா இருக்குது, கைய சுட்டுக்கப் போற" என்று ஒரு துணியையும் சுற்றிக் கொடுத்தார். மோர்க்குழம்பு, கீரைக் கூட்டு, கத்திரிக்காய் கொத்சு, சில நாள் எள்ளுப்பொடி சாதம். ஓய்வு நாட்களில் ஆயிரத்து முந்நூறு வருடக் கைலாசநாதர் கோயிலை வரையப் போனபோதும், அங்கிருந்த மணற்கல் சிங்கங்களின் நிழலில் உட்கார்ந்து அந்தத் தூக்கைத்தான் பிரித்தேன். அப்படி ஒரு சாப்பாடு அப்படி ஓர் இடத்தில் எனக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை.

அம்மாள் கூடத்தில் உட்காருவதை நிறுத்தவில்லை. கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிற பெண்கள் வாசலில் தயங்கி நிற்பார்கள். உள்ளே ஒரு பெண்மணி நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்ததும் தாங்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் அந்த ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆனபோது பலகைத் தடுப்பைப் பிரித்துவிட்டார்கள். வெங்காய மூட்டைகள் மட்டும் அங்கேயே இருந்தன.

வேலை முடிந்து சென்னைக்குத் திரும்பினேன். அடுத்த வருடம், ஊர்ப் பெருமை பேசிப் பேசி என் தோழி ஒருத்தியைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். முகூர்த்த நாள். கூடம் முழுக்கப் பெண்கள், குழந்தைகள், புடவைப் பொட்டலங்கள். எங்களுக்கு உட்கார இடமில்லை. முதலாளி கல்லாவிலிருந்தபடியே, "கொஞ்சம் நில்லும்மா, தோ ஆயிடும்" என்றார். கால் மணி நேரம் நின்றோம். தோழி நான்கு துண்டு இட்லி சாப்பிட்டாள். ஐந்தாவதும் கேட்டாள்.