நாத்தனார் கிட்னிக்குக் காவல்

கிட்னி மாற்றியவருக்குப் பெண்டாட்டியாக இருப்பது முழுநேர வேலை, ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. இதில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முன்பழக்கம்

என் வீட்டுக்காரர் பெரம்பலூரில் கணக்கு வாத்தியார். எண்பதுகளின் நடுவில் அவருக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டன. வரதராஜன்பேட்டையில் இருக்கும் அவர் தங்கை ஒன்றைத் தர முன்வந்தாள். மெட்ராஸ் டாக்டர், ஆபரேஷனுக்கு முன்பே அவள் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இவருக்கு ஏற்றினார். வெள்ளையணுக்கள் வேற்று ஆளைக் கண்டால் அடித்து விரட்டுமாம். முன்கூட்டியே பழக்கிவைத்தால் கிட்னியைப் பொறுத்துக்கொள்ள வாய்ப்புண்டாம். கான்வென்ட்டில் படித்த பாவத்துக்கு, அவர் இங்கிலீஷில் கொட்டியதை நான்தான் நாத்தனாருக்குத் தமிழில் விளக்கினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரே வயித்துல பொறந்த எனக்கே இவ்வளவு சோதனையா அண்ணி? வேத்து வூட்டுலேர்ந்து வந்த உங்கள மட்டும் எப்படி உள்ள விட்டாங்க?"

லேகியம்

கிட்னி வேலை செய்தது. ஆனால் வெள்ளையணுக்கள் லேசில் சமாதானம் ஆகிற ஜாதியில்லை. தினமும் மாத்திரை கொடுத்து அடக்கிவைக்க வேண்டும். அடக்கினாலோ ஊரிலுள்ள சளி, காய்ச்சலெல்லாம் சுலபமாகத் தொற்றும். இருமுகிற விருந்தாளிகளை வாசலோடு அனுப்பி, ராங்கிக்காரி என்று பெயர் வாங்கினேன். குன்னத்திலிருந்து பஸ்ஸில் வரும் தமிழ் வாத்தியார் ஒரு டப்பா லேகியம் நீட்டினார். எதிர்ப்புச் சக்தி ஊறுமாம். "அது ஊறக்கூடாதுன்னுதான் சார் மாத்திரையே!" என்றேன்.

"எல்லா வூட்லயும் வியாதியத்தான் அடக்குவாங்க. நீங்க ஆளையே அடக்குறீங்களேம்மா!"

பூரி முகம்

மாத்திரையால் அவர் முகம் பூரியாக உப்பியது. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்றதும், மனிதர் எனக்குத் தெரியாமல் மாத்திரையை ஜன்னல் வழியே வீச ஆரம்பித்தார். காய்ச்சல் வந்தது, கால் வீங்கியது, சிறுநீர் சுண்டியது. மெட்ராஸுக்கு ஓடினோம். வெள்ளையணுக்கள் கிட்னியைத் தாக்கத் தொடங்கிவிட்டன. ஊசிக்குக் கட்டுப்படாவிட்டால் கிட்னி போய்விடும் என்றார் டாக்டர். எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. ஊசி மேல் ஊசி போட்டு, ஒருவழியாகச் சிறுநீர் இறங்கியது. டாக்டர் சிரித்தார், நான் அழுதேன். சேதி கேட்டு வந்திருந்த நாத்தனார் கட்டிலருகே போய் நின்றாள்.

"அண்ணே, எங்கிட்ட மிச்சமிருக்கறது ஒண்ணுதான். அது எனக்கு வேணும்."

ஒரு மனிதர் ஒழுங்காக ஒன்றுக்குப் போனதற்காக ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் உத்தியோகம், உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.